கூடுதலாக ஒரு கோடு

சிமெண்டுத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடுகள் வரைந்துவிட்டு, சாக்பீஸ் ஓரமாக இளைப்பாறிக்கொண்டிருந்தது. புலியாக ஆடும் கருங்கல் அதனிடம் உருண்டு வந்தது.

"ஏய் வெள்ளையா, ஆடுகள் என்னை இந்த மூலையில் அடைத்துவிடுகின்றன. நான் வெளியேற இன்னொரு கோடு போடு."

"போட்டால் உம்மை யாராலும் அடைக்க முடியாது. பிறகு ஆட்டம் எதற்கு? போட மாட்டேன்."

ஆடாக ஆடும் புளியங்கொட்டை குதித்தது. "அப்படிச் சொல்லுங்கள் அண்ணே! கையோடு அந்த நடுக்கோட்டையும் அழித்துவிடுங்கள். அதன் வழியாகத்தான் இவன் எங்களைத் தாவி வெட்டுகிறான்."

"அழித்தால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பீர்கள். அதுவும் நடக்காது, தம்பி."

புளியங்கொட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருங்கல் சாக்பீஸின்மேல் ஏறி நின்றது.

"கடைசியாகக் கேட்கிறேன். கோடா, பொடியா?"

தன் விலா நெரியும் ஓசை சாக்பீஸுக்குக் கேட்டது. ஆனாலும் அது குரலைத் தாழ்த்தவில்லை.

"பொடியாகவே ஆக்கும். பொடியில் கோடிழுக்க விரல் வேண்டும். உமக்கு ஏது?"

கல் அழுத்தியது.

சிதறிக் கிடந்தபடியே சாக்பீஸ் பார்த்தது. கோடுகள் போட்டது போட்டபடி இருந்தன. எங்கே கால் வைப்பது என்று ஆடு யோசித்தது. புலி அதைவிட வெகுநேரம் யோசித்தது.