வாலு பாக்கி

தத்தெடுப்பில் கடைசி முடிவு நாயுடையது என்று சட்டம் வந்துவிட்டது. முதல் மாதம் முடிந்ததும் காப்பகத்து வண்டி வாசலில் வந்து நிற்கும். நாய் அதில் ஏறித் தங்கிவிட்டால் காப்பகத்துக்கே திரும்பிப் போய்விடும்.

பிளாரன்ஸ் முதல் ஞாயிறே சொதப்பியிருந்தாள். தான் தலைக்குக் குளித்த கையோடு, தத்தெடுத்து வந்த நாய் பன்னுவையும் குளிப்பாட்டினாள். சிக்கெடுக்காமல் நனைத்ததில் அதன் முடி கம்பளமாக இறுகிப்போனது. அதன்பிறகு சீப்பைப் பார்த்தாலே பன்னு கட்டிலுக்கடியில் பதுங்கும். மனநிலை காட்டும் கழுத்துப்பட்டை சிவப்பாக எரியும். அவளும் விடவில்லை. தினமும் தோல் இழுபடாமல் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, விரலாலேயே ஒவ்வொரு சிக்காகப் பிரித்தாள். சீப்பு கடைசியில்தான் வந்தது.

இன்று வண்டிக் கதவு திறந்ததும் கோழிக்கறி மணத்தது. பன்னு தாவி ஏறியது.

"அவ்வளவுதான் மேடம். நீங்க கூப்பிடக் கூடாது," என்றார் அதிகாரி, கதவில் கை வைத்தபடி.

பிளாரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

கறியைத் தின்று முடித்த பன்னு கீழே குதித்தது. அவளைத் தாண்டி வீட்டுக்குள் ஓடியது. திரும்பி வந்தபோது வாயில் சீப்பு இருந்தது. அதை அவள் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பட்டை பச்சையாக ஒளிர்ந்தது.

தத்தெடுப்பை உறுதிசெய்ய அதிகாரி கைரேகைக் கருவியை நீட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்க சார்," என்றாள் பிளாரன்ஸ். "வாலு இன்னும் பாக்கி இருக்கு."