இருபது நிமிடப் பழுது

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்றது.

மணி பத்து இருபத்தைந்து. அவள் அலுவலகத்தின் பழுது பிரிவுக்கு போன் போட்டாள்.

வீட்டிலிருந்து பார்க்கும் வேலைதான். ஆனால் ஒன்பதிலிருந்து ஒன்று வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. திரைக்கு மேலே ஒரு கேமரா. மூன்று நிமிடம் முகம் தெரியாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டு வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போச்சு.

கம்ப்யூட்டர் கிளம்பவில்லையென்றால் மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் பழுது பிரிவோடு லைனில் இருந்தாக வேண்டும்.

இந்த வாரம் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் எடுத்தது அதே குரல்.

அணைத்துவிட்டுப் போடச் சொன்னான். அதே வரி. ஒரு பட்டனை அழுத்தச் சொன்னான். நீல மெனு வந்தது. அதில் மெமரி டெஸ்ட்டை ஓட விடச் சொன்னான்.

“இருபது நிமிஷம் ஆகும் மேடம். நடுவுல எதையும் தொடாதீங்க. லைன்லயே இருங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். படியில் உருண்டு விழுந்து பதினோரு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. விடிகாலையில் போட்ட விரிப்பு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு மணி வரை விட்டுவைத்த நாட்களில் வந்ததுதான் முதுகிலிருக்கும் புண்.

போனை ஜன்னலில் வைத்தாள். அக்காவை மெல்ல ஒருக்களித்துத் திருப்பினாள். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்தாள்.

“உன் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஒரே வியாதிடி. தானா எழுந்துக்கத் தெரியல.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

மருந்து தடவி, புது விரிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நிமிடம் உட்காரேன் என்று அந்தப் பிடி கேட்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

டெஸ்ட் எப்போதோ முடிந்திருந்தது. எந்தக் கோளாறும் இல்லையாம்.

முடிந்ததா என்று அவன் மெதுவாகக் கேட்டான். முடிந்தது என்றாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே கழன்றிருக்கும் வயரைச் சொருகச் சொன்னான்.

குனிந்து சொருகினாள். திரை விழித்துக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேமராவின் பச்சை விளக்கு எரிவதற்குள் அவன் அவசரமாகச் சொன்னான்:

“நாளைக்குப் பத்து மணிக்கே வயரைப் புடுங்கிடுங்க மேடம். நாளையிலேர்ந்து எனக்குப் பத்தரையோட ஷிப்ட் முடிஞ்சிடும். அடுத்து வர்றவரு ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிடுவாரு.”