கழுதை போட்ட தும்மல்

கழுதை டிரம்ஸ் அடிக்கும், தவளை பாடும். இரண்டும் சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு ராக் ஆல்பம் பதிவு செய்தன. கடைசிப் பாட்டின் நடுவே கழுதை தும்மிவிட்டது. மைக் அதையும் பிடித்துக்கொண்டது. தவளைக்கோ அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

ஆல்பம் வெளியிடும் நரி கேட்டுவிட்டு முகம் சுளித்தது. "ஒத்தத் தும்மல் அபசகுனம்யா, எவன் வாங்குவான்? அதை வெட்டு, நாளைக்கே வெளியிடுறேன்."

"வெட்டிடலாம்டா. என்னால உன் பாட்டு கெட வேணாம்," என்றது கழுதை.

"நீ வாயை மூடு!" தவளை நரியிடம் திரும்பியது. "யோவ், வாங்கினா முழுசா வாங்கு. பத்தை போட்டு வாங்க இது என்ன பூசணிக்காயா?"

நரி கதவைச் சாத்தியது. ஆல்பத்தை அவையே வெளியிட்டன. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, முதல் கச்சேரிக்கே திடல் நிரம்பியது. கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்ததும் கழுதை பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டது.

"தும்மல் எங்கய்யா? அதுக்குத்தானே வந்தோம்!" என்று ஓர் ஆடு கத்தியது. கூட்டம் தரையை உதைத்தது. கிளம்பிய புழுதி மூக்கில் ஏற, கழுதை தும்மியது பாருங்கள், அப்படி ஒரு தும்மல்!

"ஆயுசு நூறு!" என்று மொத்தத் திடலும் கத்திய கத்தலில் டிரம்ஸே கேட்கவில்லை.