வீட்டுக்காரர் கொடுத்த கடிதம்

“இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு, ஒரு கடன்கூட வாங்கலையா?” வங்கி அதிகாரி, கட்டாத கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“யார்கிட்டயும் கை நீட்டினதில்லை சார்,” என்றான் வெல்டர் பெருமையாக.

“அதான் சிக்கல். வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாத்தானே உங்களை நம்பி வீட்டுக்கடன் குடுக்க முடியும்?”

பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடிக்கவும், வெல்டர் அவசரமாக உறையை நீட்டினான். அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மாடியில் இருப்பவர், அவர்கள் ‘அண்ணன்’ என்று அழைப்பவர், காலையில் கொடுத்தது. “இந்த பேங்குக்கே போ தம்பி” என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அதிகாரி உரக்கப் படித்தார். “கீழ்வீட்டில் குடியிருக்கும் இவர் ஒரு மாத வாடகைகூடப் பாக்கி வைத்ததில்லை.” அவர் முகம் தெளிந்தது. “இது போதும். கடன் கிடைச்ச மாதிரிதான்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணனுக்கு என்ன கைம்மாறு செய்யப்போறோமோ!”

“அதுக்கும் வழி இருக்கு.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அவர் தவணை கட்ட முடியாம, அந்த வீட்டை பேங்க் எடுத்துக்கிச்சு. விக்கப்போறோம். முன்பின் தெரியாதவங்க கைக்குப் போறதைவிட நீங்க வாங்கிக்கிட்டா தேவலைங்கறார். உங்ககிட்ட நேர்ல சொல்ல அவருக்கு நா எழலையாம்.”

வெல்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“இன்னொண்ணும் கேக்கச் சொன்னார். நீங்க மாடிக்குப் போனதும், கீழ்வீட்டை அவருக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா? ஒரு மாசம்கூடப் பாக்கி வெக்க மாட்டாராம்.”