பம்ப் சத்தம் போடவில்லை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எட்வினின் பந்தயக் காரில் நான்கு புதிய இன்ஜெக்டர்களை மாட்டினார்கள். பழையவற்றைவிட இவை இரண்டு மடங்கு பெட்ரோலைப் பீய்ச்சும்.

டேங்குக்குள் இருந்த பழைய பம்ப், "இவ்வளவு என்னால அனுப்ப முடியாதே" என்று முனகியது.

"என்ன பெருசு, இப்பவே மூச்சு வாங்குதா?" என்று இன்ஜெக்டர்கள் சிரித்தன.

இன்ஜினுக்குள் இருந்த பிஸ்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேகத்தில் பெட்ரோல் குறைந்தால் சூட்டில் உருகப்போவது அதுதான்.

"அண்ணே, கொஞ்சம் சத்தம் போடுங்க. வண்டிய நிறுத்திப் பார்ப்பாங்க" என்று பம்ப்பிடம் கெஞ்சியது.

"சத்தம் போட்டா என்னைக் கழட்டிடுவாங்கப்பா."

மறுநாள் எட்வின் முழு வேகத்தில் மிதித்தார். பம்ப் வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, மார்ச் ஒன்பதாம் தேதி, உருகி ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பட்டறை மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க எடையாக வைத்தார்கள். சத்தமில்லாத பம்ப்பை வேறொரு காரில் மாட்டினார்கள்.