நாவிதரின் தீட்டுக்கல் பெட்டி

மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து உலகநாத ஆசாரி சவரம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் தாடியை எடுப்பது வழக்கம். அதற்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது.

இறந்துபோன நாவிதர் மாடக்கண்ணுவின் தீட்டுக்கல் பெட்டியைக் கொக்கிரகுளத்திலிருந்து அவர் மனைவி ஆறுமுகத்தாய் பழுதுபார்க்கக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஆசாரி உளுத்த மூடியை மாற்றினார். உள்ளே இருந்த கத்தி தீட்டும் கல்லைத் துடைத்து வைத்தார். மறுநாள் திறந்தபோது கல் நனைந்திருந்தது. மறுபடி துடைத்தார், உச்சிவேளையில் மறுபடி ஈரம்.

பெட்டியைத் திரும்ப வாங்க வந்த ஆறுமுகத்தாயிடம் கேட்டார்: “தாயி, இந்தக் கல்லு காயவே மாட்டேங்குதே?”

“அவுக சவரத்துக்குக் கெளம்புததுக்கு முன்னாடி கல்லை நனைச்சு வைப்பாக, அண்ணாச்சி. இப்ப யாருக்கோ?”

உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். “இங்கன வாங்களேன், இடுப்பு நோவுது.”

தாடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே ஆசாரி எழுந்தார். வலது கன்னம் ஈரமாக, வழுவழுவென்று இருந்தது.