பாதி மான்

“மூச்சை உள்ள இழுங்க ஆரின். இன்னும்… இன்னும் கொஞ்சம்!”

சுமைப்பையின் இடுப்புப் பட்டையை வெல்டா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஊஹூம். முழுக்கத் தளர்த்தியும் ஆரினின் தொப்பையைத் தாண்டிக் கொக்கியோடு கொக்கி சேரவில்லை.

“எங்க கொட்டகையில மாட்டியிருந்த உங்க பைதானே இது? வீட்ல அப்படி என்னதான் சமைச்சுப் போடறாங்க? என் கல்யாணத்துல பார்த்தப்ப குச்சி மாதிரி இருந்தீங்க!”

“வயசாகுதில்ல…” என்று ஆரின் பனி மூடிய மரங்களைப் பார்த்துச் சொன்னான். வெல்டா சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றை எடுத்துப் பட்டையை ஒட்டுப்போட்டுக் கட்டிவிட்டாள்.

ஆரின் அவள் கணவன் ராய்ஸின் வேட்டைக் கூட்டாளி. இரண்டு மலை தள்ளியிருக்கும் ஊர்க்காரன். ராய்ஸ் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு சோபாவில் கிடக்கிறான். நாளையோடு வேட்டைக் காலம் முடிகிறது. கறி வைக்கும் உறைபெட்டி காலி. மான்டானா குளிர்காலத்தை எதை வைத்துத் தள்ளுவது? வெல்டா தன் பெயரில் வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“ஆரினை எதுக்குடி தொந்தரவு பண்றே? அவனுக்கு ஆயிரம் வேலை” என்று ராய்ஸ் தடுத்துப் பார்த்தான். அவளா கேட்பவள்? போன் எண்ணைத் தேடி அவளே ஆரினைக் கூப்பிட்டாள்.

இந்தப் பள்ளத்தாக்கு அவளுடைய அப்பா கண்டுபிடித்தது. வெளியாள் காதில் விழாமல் காப்பாற்றி, சீதனம் மாதிரி மருமகனுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் பிறந்தபின் அவள் வருவது நின்றுபோயிற்று. வருஷா வருஷம் ராய்ஸும் ஆரினும்தான்.

காலையில் ஒரே குண்டில் கலைமானை வீழ்த்தியது வெல்டா. தொடை, முன்கால், முதுகுக் கறி என்று அறுத்துத் துணிப்பைகளில் கட்டியாயிற்று. இனி ஒரு ஓடையையும் ஒரு மேட்டையும் தாண்டி டிரக்குக்குச் சுமக்க வேண்டும். ரத்த வாடை பிடித்துக் கரடி வருவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

நூறு அடி நடப்பதற்குள் ஆரின் உட்கார்ந்துவிட்டான்.

“கனத்தை அடியில போட்டா இப்படித்தான் பின்னால இழுக்கும். மேல, முதுகோட ஒட்டி வைக்கணும். இதுகூட நான் சொல்லணுமா?”

“மறந்துட்டேன் தாயே.”

கொஞ்ச தூரம் போனதும், “ஓடையை எங்க தாண்டணும்?” என்றான்.

வெல்டா திரும்பிப் பார்த்தாள். “என்னையா கேக்கறீங்க?”

தாண்டினான். தாண்டிய அழகில் வழுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் இடுப்பு நனைய விழுந்து எழுந்தான். அவன் பையிலிருந்த தொடையையும் வெல்டாவே எடுத்துத் தன் சுமையோடு கட்டிக்கொண்டாள். மேடு ஏற ஏற மூச்சு முட்டியது. அதோடு வயிறும் எரிய ஆரம்பித்தது.

சுட்டவருக்குப் பாதி, சுமந்தவருக்குப் பாதி. எழுதாவிட்டாலும் இந்த மலையில் அதுதான் சட்டம். அதனால்தான் அவள் வீட்டுக்கு எப்போதும் பாதி மான்தான் வரும். “மீதி ஆரினோட பங்கு” என்று முதுகைப் பிடித்துக்கொண்டு ராய்ஸ் கவிழ்ந்து படுப்பான். இவள் தைலம் தேய்த்துவிடுவாள்.

அடப்பாவி! இவன் எதைச் சுமந்திருப்பான்? எல்லாவற்றையும் ராய்ஸ் தலையில் கட்டிவிட்டு, கூசாமல் பாதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். நண்பன் என்று சொல்லி நம்பவைத்துக் கழுத்தறுத்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாத தன் கணவனை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

டிரக் அருகில் சுமையைத் தொப்பென்று போட்டாள். பைகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அவன் காலடியில் தள்ளினாள்.

“எடுத்துக்கோ! உன் பங்கு! ஒரு தொடையைத் தூக்க வக்கில்ல, பாதி கேக்குதோ மகராசனுக்கு? அந்த மனுஷன் முதுகு ஒடிஞ்சு வந்து படுத்ததெல்லாம் உன்னாலதான். சோறு தின்கிறவன்தானே நீ?”

ஆரின் பைகளை ஒவ்வொன்றாக அவள் பக்கமே நகர்த்தி வைத்தான்.

“என் வீட்டுக்கு ஒரு துண்டு கறிகூட வந்ததில்ல வெல்டா.”

“பொய் சொல்லாதே!”

“நேத்து ராய்ஸ் போன்ல அழுதான். ‘வெல்டா எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லு, என் குடும்பத்தைக் காப்பாத்து’ன்னான். சத்தியமா எனக்கு அதுவரைக்கும் எதுவும் தெரியாது. நான் இந்த மலைக்கு வர்றதே இன்னிக்குத்தான்.”

வெல்டா கறிப்பைகளைப் பார்த்தாள். அவள் அப்பாவின் பள்ளத்தாக்கு. வருஷா வருஷம் பாதி மான்.

“அப்போ… கொட்டகையில இவ்வளவு நாளா மாட்டியிருக்கே, இந்தப் பை?”

ஆரின் கயிற்றை அவிழ்த்தான். பையைக் கழற்றி, அந்தக் குட்டைப் பட்டை மேலே தெரியும்படி அவள் முன்னால் வைத்தான்.

“இது எவ இடுப்புக்கு வாங்கினதுன்னு உன் புருஷனைத்தான் கேக்கணும்.”